நாலு கேபிளும் ஒரு குழியும்

கரண்டு கம்பிக்குள்ள என்ன நடக்குதுன்னு கம்பியைத் தொடாமலே கண்டுபுடிக்கறதுதான் நம்ம தொழில். தொட்டுக் கண்டுபுடிச்சவங்க யாரும் திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதினதா சரித்திரம் இல்ல.

மேல இருக்கறவன் விடையை முன்னாடியே முடிவு பண்ணிட்டு, கீழ இருக்கறவனைக் கூப்ட்டு "கணக்கு போடு"ன்னு சொல்ற ஆபீஸ்ல குப்பை கொட்டிக்கினு இருக்கற என் இனத்து மக்களே, இது உங்களுக்குத்தான். நான் மெட்ராஸ்ல எஞ்சினியரிங் படிப்பைப் பாதியில விட்டவன். நானா விட்டேனா, அவங்களா விரட்டினாங்களான்றது வேற கதை. ரெண்டு தரப்புக்குமே நிம்மதி. ஊருக்கு வந்து டீக்கடை பெஞ்சைத் தேச்சுக்கினு இருந்தவனை, எங்கப்பா யார் யார் கையையோ புடிச்சு சின்ன காஞ்சிபுரத்துல ராகவன் சார்கிட்ட சேத்துவிட்டாரு.

சார் ரிடையர் ஆன எஞ்சினியரு. மில்லு, சினிமாக் கொட்டாய், ஐஸ் ஃபேக்டரின்னு யாரு பூமிக்கு அடியில கேபிள் போட்டாலும், எந்த சைஸ் வேணும், எவ்ளோ கரண்டு தாங்கும், எவ்ளோ சூடாகும்னு கணக்கு போட்டுக் குடுக்கறது அவரு கம்பெனி. கம்பெனின்னா சாரு, நானு, பி.எஸ்சி. மேத்ஸ் படிச்ச பரந்தாமன், அப்புறம் கையால சுத்தற ஒரு கணக்கு மெஷினு. இதுல மெஷினுக்குத்தான் மரியாதை. அதுக்கு மட்டும்தான் சாயங்காலம் துணி போத்துவாங்க.

நாலு பக்கத்து வீடு

மொத நாளு சார் ஒரு பெரிய கட்டம் போட்ட பேப்பரை மேஜை மேல விரிச்சாரு. கேபிளைக் கத்திரிக்கா மாதிரி குறுக்க வெட்டினா எப்படித் தெரியுமோ, அந்தப் படம். உள்ள மூணு கம்பி, சுத்தி ஒறை. கம்பி மேல விழற கட்டத்துலல்லாம் வோல்டேஜு நூறு, ஒறை மேல விழற கட்டத்துலல்லாம் சைபரு. நடுவுல காலியாக் கெடக்கற கட்டத்துலல்லாம் என்ன நம்பருன்னு கண்டுபுடிக்கணும். அது தெரிஞ்சா கேபிளோட கெபாசிடன்ஸ், அதாவது அது எவ்ளோ கரண்டைப் புடிச்சு வெச்சுக்கும்னு தெரியும். அது தெரிஞ்சா கஸ்டமருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஆனா சாருக்கு சாப்பாடு எறங்கும்.

எப்படிக் கண்டுபுடிக்கறது? நானும் ஏதோ பெரிய வித்தைன்னு நெனைச்சேன். இவ்ளோதான்: மொதல்ல மனசுக்குத் தோணின நம்பரை எல்லாக் காலிக் கட்டத்துலயும் போடு. அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல, கீழ, சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம்னு நாலு பக்கத்து வீட்டுக்காரன் நம்பரையும் கூட்டி நாலால வகு. இவன் நம்பரை அழி, அதைப் போடு. எல்லாக் கட்டமும் முடிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து. எவனும் மாறாம நிக்கற வரைக்கும் சுத்திக்கினே இரு. அக்கம்பக்கம் என்ன சொல்லுதோ அதுதான் நம்ம வாழ்க்கைன்னு எங்க தெரு ஜனம் காலங்காலமா வாழ்ந்துக்கினு வருது. அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு வெச்சு, பரீட்சை வெச்சு, என்னை மாதிரி பசங்களை ஃபெயில் பண்றானுங்க.

"இப்படி சுத்தினா எப்படிப்பா சரியான விடை வரும்?"னு பரந்தாமனைக் கேட்டேன். அவன் சார் ரூம் கதவை ஒரு தரம் பாத்துட்டு, கெட்ட வார்த்தையைக் கேட்டவன் மாதிரி கொரலைத் தாழ்த்தினான். "யோசிக்காதப்பா. யோசிச்சா தப்பு வரும். கூட்டு, நாலால வகு, அடுத்த கட்டத்துக்குப் போ."

முட்டை போட்ட பொடவை

கட்டம் போட்ட பெரிய பேப்பரு எங்க ஊர்ல எஞ்சினியருக்காக விக்கறது இல்ல. பொடவைக்கு டிசைன் போடறவங்களுக்காக விக்கறது. கட்டத்தோட சைஸ் மாறக் கூடாதுன்னு, நான் முடிச்ச ஷீட் ஒண்ணை சுருட்டி எடுத்துக்கினு கடைக்குப் போனேன். ஒரே நம்பரு இருக்கற கட்டத்தையெல்லாம் கலர் பென்சிலால சேத்திருந்தேன். மூணு கம்பியையும் சுத்தி வளையம் வளையமா, தண்ணியில கல்லு போட்ட மாதிரி இருக்கும்.

கடையில நின்னுக்கினு இருந்த டிசைன்காரர் ஒருத்தரு அதைப் புடுங்கிப் பாத்தாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. திருப்பிப் புடிச்சும் பாத்தாரு. "எந்த மாஸ்டர் போட்டது தம்பி?"ன்னாரு. இது பொடவை இல்லண்ணே, கேபிள்ளு, இதெல்லாம் வோல்டேஜுன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. சாரு ஒரு நாள் கூட நான் போட்ட ஷீட்டை அந்த மாதிரி பாத்தது இல்ல. எனக்கே கொஞ்சம் கர்வமாப் போச்சு. அப்புறம் அவரு பேப்பரைச் சுருட்டி என் கையில குடுத்துட்டு சொன்னாரு: "வேலை சுத்தமா இருக்குதுப்பா. ஆனா கல்யாணப் பொடவையில நட்ட நடுவுல மூணு முட்டையைப் போட்டு வெச்சிருக்கிறியே, எவன் வூட்ல வாங்குவான்?"

ஒரே பாயி

ஐயம்பேட்டைப் பக்கம் பட்டு நூல் முறுக்கற மில்லு வெச்சிருக்கறவரு மாசிலாமணி. மில்லுக்கு நாலு ஷெட்டு, ஷெட்டுக்கு ஒரு கேபிளு. டிரான்ஸ்பார்மரு ஒரு கோடியில நிக்குது. அங்கேர்ந்து நாலு கேபிளும் மொத ஷெட்டுக்கு அடியில பூந்துதான் மத்த ஷெட்டுக்குப் போகணும். அந்த மொத ஷெட்லதான் சுவரை ஒட்டி மூட்டை மூட்டையா கச்சாப் பட்டு அடுக்கி வெச்சிருக்குது. கீழ தரையில வரிசையா பொம்பளைங்க ஒக்காந்து நூல் சுத்துறாங்க. தரை செவப்பு சிமெண்டு, கண்ணாடி மாதிரி இழைச்சது. அதை அகலமா ஒடைக்க மாசிலாமணிக்கு மனசு வரல. அதனால ஒரே ஒரு ஒடுக்கமான குழி, நாலு கேபிளும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு.

"போடலாமா சார்?"னு அவரு கேட்டு முடிக்கறதுக்குள்ள ராகவன் சார், "பேஷா போடலாம்"னுட்டாரு. நான் மெதுவா, "சார், இன்னும் கணக்கு..."ன்னேன். "அதுக்குத்தானே நீ இருக்கே, போடு"ன்னாரு. அதாவது மாப்பிள்ளை தாலி கட்டிட்டாரு, இனிமே ஜாதகம் பாக்கறதுக்கு நானு. மாசிலாமணிக்கு வாயெல்லாம் பல்லு. எழுந்து போகும்போது என் முதுகுல ஒண்ணு வெச்சாரு. "நாலும் அண்ணன் தம்பிங்கதானே தம்பி, ஒரே பாயில படுக்கட்டும்!"

ஒரு சிட்டிகை பூமி

கேபிள்ளோட சூட்டை மண்ணுதான் வாங்கிக்கணும். ஈர மண்ணு சீக்கிரம் வாங்கும், காஞ்ச மண்ணு வாங்காது. அதனால எந்த மண்ணுன்னு பாக்க சாரும் நானும் மில்லுக்குப் போனோம். நானு கணக்குல புள்ளிக்கு அப்புறம் ஆறாவது நம்பரைத் தப்பா எழுதினா, அன்னிக்குப் பூரா சாரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் பூமியை அளக்க என்ன கருவி கொண்டாந்தாருன்னு நெனைக்கிறீங்க? ஒரு குடை. குடை அவரு தலைக்கு. மண்ணுக்கு அவரோட ரெண்டு விரலு. ஷெட்டு வாசல்ல குவிஞ்சு கெடந்ததுல ஒரு சிட்டிகை எடுத்தாரு, தேச்சாரு, மோந்து பாத்தாரு. "நல்ல ஈரம். நல்ல மண்ணு. எழுதிக்கோ"ன்னு ஒரு நம்பரைச் சொன்னாரு.

ஷெட்டுக்குள்ளேர்ந்து நூல் சுத்திக்கினு இருந்த நாகம்மா எட்டிப் பாத்துச்சு. குழி வெட்டப் போறது அது ஒக்கார்ற எடத்துக்கு நேர் கீழ. "இன்னா தம்பி, உங்க சாரு திருநீறு எடுக்கறாரா?"ன்னு கேட்டுச்சு. நான் சிரிக்காம இருக்கறதுக்கு நாக்கைக் கடிச்சுக்கினேன். அதுக்குள்ள மாசிலாமணி ஓடியாந்தாரு. "சார், அது என் மண்ணு இல்ல சார். கட்டடத்துக்குன்னு பாலாத்துலேர்ந்து காலையிலதான் வண்டியில வந்து எறங்குச்சு, அந்த ஈரமே இன்னும் காயல!"

ஏறிக்கினே போவுது

நம்பரை மாத்தலாமான்னு கேட்டேன். எழுதினது எழுதினதுதான்னுட்டாரு. சரின்னு அந்த நம்பரையே வெச்சு ஆரம்பிச்சேன். இந்த தடவை வோல்டேஜுக்குப் பதிலா சூடு. மில்லுக்கு அடியில இருக்கற பூமியை வெட்டிப் பாத்த மாதிரி ஒரு படம், அதுல நாலு கேபிளு. சூட்டுக்கும் அதே நாலு வீட்டு வைத்தியம்தான்: கூட்டு, வகு, அழி, எழுது. மொதல்ல மண்ணு பூரா குளுகுளுன்னு இருக்குதுன்னு வெச்சுக்கினுதான் ஆரம்பிப்போம். சுத்த சுத்த கேபிள்ளோட சூடு மெதுவா மண்ணுக்குள்ள பரவும், நம்பருங்க ஏறும். எப்பவோ ஒரு நேரத்துல போதும்னு நிக்கும். அந்த நின்ன நம்பருதான் விடை. நிக்கறதுக்கு முன்னாடி இருக்கறது விடை இல்ல, வழி. ஐயம்பேட்டை போற பஸ்ஸு நடு ரோட்ல நின்னா அதை ஐயம்பேட்டைன்னு சொல்ல மாட்டோம்ல?

ஓரத்துல இருந்த ரெண்டு கேபிளுக்கும் ஒரு பக்கம் மண்ணு இருந்துச்சு, தப்பிச்சுக்கினு இருந்துச்சுங்க. நடுவுல மாட்டினது ரெண்டும் ரெண்டு பக்கமும் அண்ணன் தம்பி சூட்டையே வாங்கிக்கினு ஏறிக்கினே போச்சு. போதாக்குறைக்கு, சூடு ஏறினா கம்பியோட ரெசிஸ்டன்ஸ் ஏறும். ரெசிஸ்டன்ஸ் ஏறினா இன்னும் சூடு ஏறும். மாமியார் ஒண்ணு சொன்னா மருமக ரெண்டு சொல்ற வீடு மாதிரி. கேபிள்ளோட ஒறை எழுபது டிகிரி வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல போனா இன்னிக்கு ஒண்ணும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. ஒறை வெந்துக்கினே இருந்து, ஒரு நாள் பட்டு மூட்டைக்கும் நாகம்மாவுக்கும் கீழ பொறி கெளம்பும். என் ஷீட்ல நடு கேபிளு அறுபத்தெட்டைத் தாண்டி ஓடிக்கினு இருந்துச்சு. சாரு வந்து குனிஞ்சு பாத்தாரு. "எவ்ளோ?" "அறுபத்தெட்டு சார். இன்னும் நிக்கல." "நிறுத்து." "சார், அது தானா நிக்கணும் சார், நாம நிறுத்தறது இல்ல." சாரு கண்ணாடியைக் கழட்டி, வேட்டியில தொடைச்சு, என்னை ரொம்பப் பாவமாப் பாத்தாரு. "எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவனுக்குப் பேருதான்பா எஞ்சினியரு. தெரியாததாலதான் உன்னை காலேஜ்ல நிறுத்திட்டான்."

பென்சில்

சாரு ரெண்டு கேபிளுக்கு நடுவுல ஒரு முழம் எடம் விடுங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் தரையை ஒடைக்கணும், அவ்ளோதான். ஆனா "பேஷா"ன்னு சொன்ன வாயால அதைச் சொல்லணுமே! அவரோட வாயி அப்படி ஒரு வாயி. உள்ள போறது திரும்பி வந்தாலும் வரும், வெளிய போனது திரும்பாது.

நான் மத்தியானம் சோத்து வேளையில திருட்டுத்தனமா இன்னும் நாலஞ்சு சுத்து சுத்திப் பாத்தேன். எழுபதைத் தாண்டிச்சு, தாண்டியும் நிக்கல. ஷீட்டைப் பரந்தாமன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அவன்தான் ரிப்போர்ட்டை நல்ல கையெழுத்துல பிரதி எடுக்கறவன். அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணு வூட்ல "மாப்பிள்ளை எஞ்சினியர் ஆபீஸ்ல இருக்காரு"ன்னு சொல்லி வெச்சிருக்காங்க. அவன் என் ஷீட்டைப் பாக்கவே இல்ல. "நீ என்னா நெனைக்கிற, எனக்குத் தெரியாதுன்னா?"ன்னான். "ரிப்போர்ட் பூரா மையில எழுதினேன்பா. அந்த அறுபத்தெட்டை மட்டும் பென்சில்ல எழுதியிருக்கேன்."

இதாங்க படிச்சவன் வீரம்.

வாடகை இல்லாத ரூமு

குழி மூடற நாளு நல்ல நேரம் பாத்து வெச்சிருந்தாங்க. குழியில மணல் போட்டு, நாலு கேபிளும் ஒட்டிப் படுத்துக்கினு இருந்துச்சுங்க. மேல செங்கல்லு பரப்ப கொத்தனாரு தயாரா நின்னாரு. எலுமிச்சம்பழம், கற்பூரம், தட்டுல சந்தனம். நாகம்மாவும் மத்த பொம்பளைங்களும் ராட்டையை ஓரமாத் தள்ளிட்டு வேடிக்கை பாத்துக்கினு இருந்தாங்க. சாரு குழி மேல போட்ட பலகையில நின்னுக்கினு ரிப்போர்ட்டைப் படிச்சாரு. "அறுபத்தெட்டு புள்ளி மூணு ஒண்ணு ஏழு நாலு ரெண்டு." ஒரு சிட்டிகை ஆத்து மணல்லேர்ந்து புள்ளிக்கு அப்புறம் அஞ்சு நம்பரு! மாசிலாமணி கையெடுத்துக் கும்புட்டாரு. கொத்தனாரு மொத செங்கல்லை எடுத்தாரு.

என் வாயி என் பேச்சைக் கேட்டதே இல்ல. "அண்ணே, வெக்காதீங்க. அந்தக் கணக்கு முடியல. சூடு இன்னும் ஏறுது, நாங்கதான் பாதியில நிறுத்திட்டோம். இதுமேல பட்டு அடுக்காதீங்க, ஆளையும் ஒக்கார வெக்காதீங்க"ன்னேன். சாரு என்னைப் பாக்கவே இல்ல, ஜனங்களைப் பாத்துதான் சொன்னாரு: "மிஸ்டரு காலேஜையும் பாதியில விட்டவரு. அவருக்கு எல்லாமே பாதியாத்தான் தெரியும்." எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல ஜோக்குதான், எனக்கே சிரிப்பு வந்துச்சு. அதான் இன்னும் ஆத்திரம்.

மாசிலாமணி மட்டும் சிரிக்கல. என்னைப் பாத்தாரு, சாரைப் பாத்தாரு. நூல் வித்து நூல் வாங்கற மனுஷன், நம்பர் வெளங்காட்டியும் மூஞ்சி வெளங்கும். ரொம்ப மரியாதையா ஆரம்பிச்சாரு. "சார், பெரியவரு நீங்க எங்கியோ ஒரு மூலையில ஆபீஸ் வெச்சுக்கினு கஷ்டப்படறீங்க. இந்த ஷெட்லயே, இதோ இந்த எடத்துலயே உங்களுக்கு ஒரு தடுப்பு போட்டு ரூமு பண்ணிக் குடுத்துடறேன். மேஜை, நாற்காலி, ஃபேனு எல்லாம் என் செலவு. வாடகை வேணாம். நாளைக்கே வந்துடுங்க."

கையால காட்டினது சாரு நின்னுக்கினு இருந்த பலகை எடத்தையேதான். நாலு கேபிளும் ஷெட்டுக்குள்ள நொழையற எடம்.

"எதுக்கு, உங்களுக்கு வீண் சிரமம்"னாரு சாரு.

"ஒரு சிரமமும் இல்ல சார்."

"இங்க ராட்டைச் சத்தம் ஜாஸ்தியா இருக்குமே."

"நாலு நாள்ல பழகிடும்."

"வெளிச்சம் பத்தாது."

"ஜன்னல் வெக்கறேன். ரெண்டா வெக்கறேன்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."ன்னு சொல்லிக்கினே சாரு பலகையிலேர்ந்து கீழ எறங்கினாரு. எறங்கி, இன்னும் ஒரு எட்டு தள்ளி நின்னாரு. அவரு காலு அவரோட ரிப்போர்ட்டைப் படிக்கல போலருக்குது.

அவ்ளோதான். மாசிலாமணி கொத்தனாரைப் பாத்து கையை ஆட்டினாரு. "செங்கல்லைக் கீழ போடுப்பா. தரையை இன்னும் ஒடை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்லா எடம் விட்டுப் படுக்க வை." அப்புறம் சாரைப் பாத்து, "சும்மா குடுத்தாலும் நீங்க ஒக்கார மாட்டேன்ற எடத்துல, என் பட்டை எப்படி சார் நான் வெப்பேன்?"னாரு. எனக்கு அந்தாளு காலைத் தொட்டுக் கும்புடலாமான்னு தோணிச்சு. அதுக்குள்ள பின்னாலேர்ந்து நாகம்மா கொரலு. "பட்டு மட்டும்தானா மொதலாளி? நாங்கல்லாம் இன்னா, செங்கல்லா?"

மெதட்டு யாரோடது

மறுநாள் ஆபீஸ்ல என் மேஜை மேல மெஷினுக்குப் போத்தற துணியைப் போத்தி வெச்சிருந்தாங்க. அதான் சாரு "வேலையை விட்டுப் போ"ன்னு சொல்ற விதம். நானும் கேக்கல, அவரும் சொல்லல. எங்கப்பா மட்டும் ரெண்டு பேருக்கும் சேத்து சொன்னாரு, தெருவுக்கே கேட்டுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு பரந்தாமன் கல்யாணப் பத்திரிகை குடுக்க வந்தான். மாசிலாமணி மில்லு ஓடுது, குழியை மூடின தரை மேல கை வெச்சா வெதுவெதுன்னு கூட இல்லன்னான். சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் ஆபீஸ் எப்படிப்பான்னேன். முசரவாக்கத்துலேர்ந்து ரைஸ் மில்லுக்காரரு ஒருத்தரு அஞ்சு கேபிளை ஒண்ணாக் கட்டிப் போடலாமான்னு கேட்டுக்கினு வந்தாராம். சாரு நாற்காலியில நிமிந்து ஒக்காந்து அவருகிட்ட சொன்னாராம்: "என் ஆபீஸ்ல அந்தப் பேச்சே கெடையாது. கேபிளுக்குக் கேபிளு எடம் விடணும்ன்றது நானே கண்டுபுடிச்ச மெதட்டு. இது தெரியாத ஒரு பையன் இருந்தான், அவனையும் அனுப்பிட்டேன்."

ஆக, கேபிள்ங்களுக்கு நடுவுல ஒரு முழம் எடம் கெடைச்சுது, எனக்கும் சாருக்கும் நடுவுல ஒரு ஊரே கெடைச்சுது. ரெண்டு எடத்துலயும் சூடு கொறைஞ்சதுன்னு சொல்றதுக்கு எந்தக் கட்டத்தையும் கூட்டி வகுக்க வேண்டியதில்ல.